பட்டினி போட வேண்டாம் மாப்ளே

எலஹங்கா,
பெங்களூரு

மாப்ளே சண்முகம்,

கடுதாசி கிடைச்சுது. பேத்தி காதுகுத்து நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம். பென்ஷன் வாங்கற வயசுல குதிரை லாயத்துல உனக்கு என்னடா வேலைன்னு கேட்டிருக்கே. வீட்டுக்குப் பக்கத்துல இருக்குது, காலையில போய்க் கூடமாட ஒத்தாசை செய்யறேன். லத்தி அள்ளறதும் சேர்த்துத்தான்.

நீ எழுதினதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பல. 'புதுக் குதிரையை இழுத்துக் கட்டி ரெண்டு நாள் பட்டினி போடு, தானா வழிக்கு வரும்'னு. வரும், இல்லேங்கல. ஆனா அது பயந்து அடங்கறது. உன்னைவிடப் பெரிய பயம் ஒண்ணு எதிர்ல வந்தா, உன்னைக் கீழே தள்ளிட்டு ஓடிடும்.

வந்திருக்கிறது மார்வாரிப் பெண்குதிரை. ரெண்டு காதும் உள்பக்கமா வளைஞ்சு நுனியோட நுனி தொட்டுக்கும். மேய்ச்சல் காட்டுல ஆள் கைபடாம வளர்ந்தது. கயித்தைக் கண்டாலே முன்னங்காலைத் தூக்கிடும். எங்க சைஸ் (குதிரைக்காரர்) பாய் ஆம்பூர்க்காரர். வட்ட அடைப்புக்குள்ள போய்ச் சும்மா நிப்பார். முகத்துக்கு நேரா மட்டும் போகவே மாட்டார். குதிரைக்குக் கண்ணு பக்கவாட்டுல இருக்கறதால சுத்துவட்டத்துல முக்காலே மூணுவீசம் தெரியும். நெத்திக்கு நேர் முன்னாலயும் வாலுக்கு நேர் பின்னாலயும்தான் தெரியாது. அங்கிருந்து வர்றவன் அதுக்குப் புலி.

அதனால தோள்பக்கமா மெதுவா நடப்பார். அது உடம்பை விறைச்சா அப்படியே நின்னுடுவார். ஒரு காது அவர் பக்கம் திரும்பி, தலை கொஞ்சம் தாழ்ந்ததும் கிட்டப் போகணும்னுதானே நமக்குத் தோணும்? அவர் ஒரு எட்டு பின்னால வைப்பார். "கேட்டதைச் செஞ்சிருச்சு, உடனே விட்ரணும். லேட்டா விட்டா எதுக்கு விட்டோம்னு அதுக்குப் புரியாது"ன்னு சொல்வார். மொத்த வித்தையும் அந்த ஒரு எட்டுலதான் இருக்குது மாப்ளே.

முதல்ல தொட்டது பிடரிமயிர் முடியற இடத்துல. குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு பல்லால சொறிஞ்சுவிடற இடம் அது. தேய்க்கத் தேய்க்க மேலுதட்டை நீட்டிக் காத்தைக் கவ்வுது, எனக்குச் சிரிப்பு அடங்கல. மறுபக்கம் போனா பழையபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இடப்பக்கம் பழகினது வலப்பக்கம் செல்லாது!

இப்போ தலைக்கயிறு போட விடுது. சேணத்துக்கு அவசரமில்லை. விமானப்படைத் தளத்துப் பிளேன் மேல போனா முன்னெல்லாம் வேலியை முட்டற மாதிரி ஓடும். இப்போ உடம்பு நடுங்கினாலும் நின்னு, காதைப் பாய் பக்கம் திருப்புது.

இங்க ஜே.சி. நகர்ல மைசூர் லான்சர்ஸ்ங்கற மைசூர் சமஸ்தானக் குதிரைப்படையோட நினைவுத்தூண் இருக்குது. முதல் உலகப்போர்ல, 1918 செப்டம்பர் 23 அன்னைக்கு, இப்போ இஸ்ரேல்ல இருக்கற ஹைஃபாவுல மெஷின்கன்னுக்கு எதிரா ஈட்டியோட குதிரையில பாய்ஞ்ச படை. சவாரி செஞ்சவங்க வீரத்தைத்தான் எல்லாரும் பேசறாங்க. ஓடித் தப்பிக்கவே பிறந்த மிருகம், வெடிச் சத்தத்தை நோக்கி ஓடுச்சே, அதைத்தான் நான் இப்போ நினைச்சுக்கறேன்.

ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் பாயைக் கூட்டிட்டு வர்றேன். மேளத்துக்கு ஆடற குதிரைங்களை எப்படிப் பழக்கறாங்கன்னு பார்க்கணுமாம். மனசுல பட்டதை மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு, சண்டை வந்தா நீதான் சமாளிக்கணும். ராத்திரிக்குக் கொள்ளுப்பருப்புச் சோறு போதும்னு தங்கச்சிகிட்ட சொல்லு.

உன்,
பழனிச்சாமி