கேல் 40 படகுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சங்கத்தின் கேல் 40 வகைப் பாய்மரப் படகுக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி சுக்கானுக்கே போனது. பெயிண்ட் உரிந்து கிடக்கையில் சுக்கானுக்கு ஏன் இவ்வளவு என்று புதிய உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

படகு வடிவமைப்பாளர் பில் லாப்வொர்த் 1963இல் இந்தப் படகு வகையை வரைந்த காலத்தில், கடல் பந்தயப் படகுகள் பெரும்பாலானவற்றில், அடியில் துருத்தி நிற்கும் அடிக்கட்டை நீளமாக ஓடும்; அதன் பின்விளிம்பிலேயே சுக்கான் தொங்கும். லாப்வொர்த் அடிக்கட்டையைக் குறுக்கினார். சுக்கானைத் தனியே பிரித்துப் பின்னால் தள்ளி வைத்தார். நீளம் 39 அடி 4 அங்குலம், எடை சுமார் 15,000 பவுண்டு. அன்றைக்கு இந்த நீளத்துக்கு இது இலேசான ஃபைபர் உடல். பின்காற்றில் ஸ்பின்னேக்கர் என்ற பெரிய முன்பாயை விரித்தால் அலைமுதுகில் ஏறிச் சறுக்கும். அந்த வேகத்திலும் சொன்ன பேச்சைக் கேட்கும். கலிபோர்னியாவிலிருந்து ஹொனலுலுவுக்கு 2,225 கடல் மைல் ஓடும் டிரான்ஸ்பாக் பந்தயத்தை 1965, 1967, 1969 என அடுத்தடுத்து மூன்று முறை கேல் 40கள் வென்றன. 1966 பெர்முடா பந்தயத்தை வென்ற தண்டர்பேர்டும் இதே வகைதான். 2022இல் அதே பெர்முடா பந்தயத்தில் இல்யூஷன் என்ற கேல் 40 செயின்ட் டேவிட் கலங்கரை விளக்கக் கோப்பையை வாங்கியபோது, நம்மில் பலர் கண்கலங்கியதை நான் பார்த்தேன்.

தாங்கிப் பிடிக்க அடிக்கட்டை இல்லாததால், தனிச் சுக்கானின் பாரம் முழுவதும் தண்டின் மேல்தான் விழும். மார்ச்சில் படகைக் கரையேற்றிச் சுக்கானை அசைத்துப் பார்த்தோம். கை வைத்த இடமெல்லாம் ஆடியது. தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தது. சுக்கானின் அடியில் சிறு துளை போட்டதும் உள்ளே தேங்கியிருந்த நீர் இரண்டு நாள் சொட்டியது. முதலில் வந்த புஷ் அளவு தவறியதால் வசந்தகாலப் பந்தயங்களை இழந்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கரையில் நின்ற வாரங்களில், படகினுள் குறுக்கே நிற்கும் தடுப்புப் பலகை உடலிலிருந்து விட்டுப்போன இரண்டு இடங்களைச் சுரண்டி, எபாக்சி வைத்து ஒட்டினோம். சனிக்கிழமை தவறாமல் வந்து தேய்த்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி. பயிற்சி வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

ஆண்டுதோறும் படகைக் கரையேற்றிச் சுக்கான் தண்டைச் சோதிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை உங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். பெயிண்ட் வேலை அடுத்த ஆண்டு.

இப்படிக்கு,
செயலாளர்