முட்டுக்கட்டை போடுகிறவர்

அன்புள்ள கயலுக்கு,

சௌக்கியம்தானே? டெல்லியில் குளிர் ஆரம்பித்திருக்கும். இங்கே திருச்சியில் விட்டு விட்டு மழை. படம் காயவே மாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு போனில் கேட்டாயே, "ரிட்டயர் ஆனதும் எல்லாரும் காசி ராமேசுவரம்னு கிளம்பறாங்க, நீ என்னம்மா பழைய தெருவையும் திண்ணையையும் வரைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க?" என்று. கிண்டலாகத்தான் கேட்டாய். ஆனாலும் அன்றைக்கு வாயில் பதில் வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

இப்போது மேசையில் இருப்பது திருவாரூர் ஆழித் தேர். அலங்காரத்தோடு 96 அடி, எடை 300 டன் என்பார்கள். போட்டோவைப் பார்த்து வரையக்கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. போட்டோவில் எல்லாமே இருக்கும். என்னிடம் என்ன மிச்சமிருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பென்சிலை எடுத்து உட்கார்ந்தால் தேரின் உச்சி ஞாபகத்தில் இல்லை. முன்னால் பாயும் குதிரைகள் இல்லை. தேரில் வரும் சாமி தியாகராஜர் முகம்கூட இல்லை. "ஆரூரா, தியாகேசா" என்ற சத்தம் காதில் அப்படியே இருக்கிறது, அதை எங்கே வரைவது? கண்ணில் நின்றது ஒரே ஓர் ஆள், முட்டுக்கட்டை போடுகிறவர்.

தேர் ஒரு தடவை நகர ஆரம்பித்துவிட்டால் நாம் சொன்ன இடத்தில் நிற்காது. சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். அப்புறம் திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. அப்படியும் கட்டை போகவில்லை. என் ஆள் வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். குனிந்தபடியே பின்னால் பின்னால் நடக்கிறார். கட்டையை வைக்கிறார், சக்கரம் ஏறுவதற்குள் கையை இழுத்துக்கொள்கிறார். நசுங்கி நசுங்கிக் கட்டையின் முனை நார் நாராகப் பிரிந்திருக்கிறது. அந்த நாரை வரையத்தான் எனக்குப் பெரும்பாடு. பழுப்பில் துளி நீலம் கலந்து, பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த பிறகு இழுத்தால் வருகிறது. வாட்டர் கலரில் வெளிச்சத்தைப் பிற்பாடு சேர்க்க முடியாது, தாளின் வெள்ளையை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். அவர் மணிக்கட்டில் வெயில் படும் இடத்தை மட்டும் தொடாமல் விட்டேன்.

அந்த நாரை இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, அவர் சாமியைப் பார்க்கவே இல்லை. ஊரே அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறது. சாமிக்கு அவ்வளவு கிட்டே இருக்கிறவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் விரல் போய்விடும். சின்னப் பெண்ணாக இருந்த எனக்கு இதெல்லாம் எங்கே புரிந்திருக்கும்? ஆனாலும் இத்தனை வருஷமாகக் கண் அவரைத்தான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. பக்தி என்று நான் முதன்முதலில் எதையோ பார்த்தது அவரிடம்தான் என்று இப்போது நினைக்கிறேன். படம் போடாவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. உன் கேள்விக்கு என் பதிலில் முக்கால்வாசி இதுதான்.

இன்னொன்று. திருவாரூரில் தியாகராஜரை முழுசாகப் பார்க்க முடியாது. தரிசனம் முகம் மட்டும்தான், உடம்பெல்லாம் மூடியிருக்கும். பாதம் பார்க்க மார்கழித் திருவாதிரை, பங்குனி உத்திரம் என்று இரண்டே நாள். அந்த ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, தாளில் பாதி வெறுமையாக நின்றுபோனாலும் எனக்குக் குறையாகத் தெரிவதில்லை.

நீ டெல்லியில் இருக்கிறாய் என்பதால் சொல்கிறேன். இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் நவீன ஓவியக்கூடத்துக்கு ஒரு நாள் போய் எஸ்.எச். ரஸா படம் எதையாவது தேடிப் பார். 1922இல் மத்தியப் பிரதேசத்துக் காட்டு ஊரில் பிறந்தவர், அப்பா வனத்துறையில் வேலை. பள்ளிக்கூடத்தில் மனசு ஓரிடத்தில் நிற்காத பையனாம். வாத்தியார் சுவரில் ஒரு புள்ளி வைத்து, "இதையே பார்த்துக்கொண்டிரு" என்று உட்கார வைத்துவிட்டார். பையன் வளர்ந்து 1950இல் பிரான்சுக்குப் போனான். அந்த ஊர் தேவாலயங்களையும் வீடுகளையும் வரைந்து பேரும் வாங்கியாயிற்று. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அந்தப் புள்ளி திரும்பி வந்து, பிந்து என்று பெரிய கறுப்பு வட்டமாகப் படத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கடைசிவரை அது போகவில்லை. வாத்தியார் தியானம் கற்றுக்கொடுக்க நினைத்திருப்பாரா? பையன் ஓடாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. 2016இல் டெல்லியில் இறந்தவரை அவர் விருப்பப்படி சொந்த மாவட்டமான மண்ட்லாவில், அப்பா சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

சரி, பெரிய பேச்சு போதும். உன் பெரியம்மா வந்திருந்தாள். ஆரூர் வீட்டு முற்றப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுச் சுவர் பச்சைடி, நீலமா அடிச்சு வச்சிருக்க" என்றாள். சுண்ணாம்பில் எங்கப்பா நீலம் கலக்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவளுக்குப் பச்சை ஞாபகம் இருக்கிறது. ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, உன் வீட்டை நீயே போடு என்றேன். முனகிக்கொண்டே போட்டாள். பச்சைச் சுவர், பக்கத்தில் எங்கம்மாவின் தையல் மெஷின். அந்த மெஷின் எனக்கு அடியோடு மறந்தே போயிருந்தது. அவள் அதற்கு அப்புறம் சுவரைப் பற்றிப் பேசவில்லை. காபி ஆறுகிறது என்று நான் சொன்னதும் காதில் விழவில்லை.

நீயும் ஒன்று போட்டு அனுப்பு. வரையத் தெரியாது என்று ஆரம்பிக்காதே. அப்பா போனதற்கப்புறம் சாமி கும்பிட மனசே வரவில்லை என்று ஒரு தரம் சொன்னாய், அதற்காக நான் உன்னைக் கோயிலுக்குப் போ என்று சொல்லப் போவதில்லை. அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போவாயே, உனக்கு அதில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் இருந்து அவர் முதுகைத்தான் பார்த்தேன். பென்சிலே போதும். நிறம் அடித்தால் மட்டும் பெரியம்மாவிடம் காட்டாதே.

அன்புடன்,
அம்மா