செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சமரசம் பேசப் பழகிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு 11 முறை கூடியது. மூன்றாவது குறுக்குத் தெருவில் எரியாமல் கிடந்த நான்கு விளக்குகளும் இப்போது எரிகின்றன. வடிகால் தூர்வாரும் வேலை பாதியில் நிற்கிறது. மூன்றாவது மனுவும் கொடுத்திருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் விரிவாகப் பேச நினைப்பது சமரசப் பயிற்சி பற்றி. அக்கம்பக்கத்துச் சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரை போகாமல் இருக்க, நம்மில் சிலர் முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். ஒன்பது பேர் பெயர் கொடுத்து, ஏழு பேர் முடித்தோம். மாவட்ட நீதிமன்ற சமரச மையத்தில் சமரசராக இருக்கும் வழக்கறிஞர் ஒருவர், பைசா வாங்காமல் 12 ஞாயிற்றுக்கிழமைகள், மாலையில் இரண்டு மணி நேரம் வந்து சொல்லிக்கொடுத்தார். நீதிமன்ற சமரசர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி உண்டு. நாங்கள் படித்தது 24 மணி நேரம்தான். அதனால் எங்களை யாரும் நீதிமன்ற சமரசர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று சமரச மையம் தொடங்கியதையும், நீதிமன்றத்தோடு இணைந்த இப்படியொரு மையத்துக்கு நாட்டிலேயே அது முன்னோடி என்பதையும் முதல் வகுப்பில் கேட்டபோது பெருமையாக இருந்தது. 2023-ல் வந்த சமரசச் சட்டத்தில், ஒரு பகுதியில் குடியிருப்பவர்களின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. மூன்று சமரசர் கொண்ட குழு, இரு தரப்பின் சம்மதம் எல்லாம் அதில் வருகிறது. ஆனால் அந்த வகையில் எழுதும் ஒப்பந்தத்தை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி நிறைவேற்ற முடியாது. நாங்கள் செய்வதோ சட்டத்தின் கீழ் வராத, அக்கம்பக்கத்தார் என்ற முறையில் செய்யும் வேலை. மனம் ஒப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் அது நிற்கும்.

இரண்டாம் வாரம் நடிப்புப் பயிற்சி. வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தராத தகராறு. வீட்டுக்காரராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடித்தார், குடித்தனக்காரராகச் செல்போன் கடை வைத்திருக்கும் இளைஞர். நான்தான் சமரசர். "ஐயா, நீங்க இப்படி உட்காருங்க. தம்பி, நீயும் உட்காரு" என்றேன். வழக்கறிஞர் அங்கேயே நிறுத்திவிட்டார். "இன்னும் நீங்க பேச்சையே ஆரம்பிக்கல சார். அதுக்குள்ள ஒருத்தர் தோத்துட்டார்" என்றார். முப்பது வருஷமாக இந்தத் தெருவில் நான் இப்படித்தான் எல்லோரிடமும் பேசியிருக்கிறேன் என்று நினைத்தபோது மனசு சங்கடப்பட்டது. இப்போது வயது, வசதி எதையும் பார்ப்பதில்லை. இரண்டு பேருக்கும் "நீங்க"தான், ஒரே மாதிரி நாற்காலிதான். எப்படிக் கூப்பிடட்டும் என்று அவர்களையே கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொரு பழக்கம் அதைவிடக் கடினமாக இருந்தது. "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க." ஏழு பேரில் இதைச் சொல்லாதவர் ஒருவர்கூட இல்லை. யாரைப் பார்த்துச் சொன்னோம் என்று ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் குறித்து வைத்தோம். மருமகளிடம், குடித்தனக்காரரிடம், வயதில் சின்னவரிடம். மாமியாரிடமோ வீட்டுக்காரரிடமோ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை எங்கள் அமர்வுகளில் இனி யாரும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். "ஏன் அப்படிச் செஞ்சீங்க" என்பதையும் விட்டுவிட்டோம். கேட்பவருக்கு அது விசாரணை மாதிரி படுகிறது. "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றால் மனிதர்கள் பேசுகிறார்கள்.

இந்த ஆண்டு ஐந்து பிரச்சினைகள் வந்தன. மூன்றில் ஒப்பந்தம் ஆனது, ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றை மட்டும், இரு தரப்பும் சம்மதித்த அளவுக்கு, இங்கே சொல்கிறேன். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் ஓடித் தூக்கம் கெடுகிறது என்பது கீழ் வீட்டாரின் புகார். ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது தொட்டி காலியாக இருக்கிறது என்பது மேல் வீட்டாரின் கஷ்டம். எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. முதல் முக்கால் மணி நேரம் பழைய கதைகளே ஓடின. "ஒரு டைமர் வாங்கி மாட்டுங்க" என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. தீர்வை அவர்களே சொல்ல வேண்டும், சமரசர் சொல்லக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன். ஒரு தரப்போடு மட்டும் பேசும் தனி அமர்வில் கீழ் வீட்டு அம்மா சொன்னார்: "சுவிட்ச் எங்க வாசப்பக்கம்தான் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு நானே போட்டுவிட்டிருப்பேன். யாரும் என்னைக் கேட்கலையே." இதை அவர்கள் முன்னாலும் சொல்லலாமா என்று கேட்டோம். அவரே வந்து சொன்னார். இரவில் இவர் போடுவது, தொட்டி நிரம்பியதும் அவர்கள் குரல் கொடுப்பது, குறை இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் போடாமல் நேரில் வந்து சொல்வது என்று அரைப் பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐந்தாவது முறிந்துபோனது எங்கள் தவறால். தனி அமர்வில் கேட்ட ஒரு விஷயம் எங்களில் ஒருவர் வாய்வழியே டீக்கடைவரை போய்விட்டது. அந்தக் குடும்பத்தாரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்தார்கள், ஆனால் பேச்சுக்குத் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அப்புறம் ஒரு விதி போட்டோம்: குறிப்பெடுத்த தாள்களை அமர்வு முடிந்ததும் இரு தரப்பின் முன்னாலேயே கிழித்துவிட வேண்டும், வீட்டில்கூட அது பற்றிப் பேசக் கூடாது.

வீட்டில் அடி உதை நடக்கும் விஷயத்தைச் சமரசத்துக்கு எடுப்பதில்லை என்றும் உறுதியாக இருக்கிறோம். பயத்தோடு உட்காருபவரால் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது. அப்படி வருபவர்களிடம் 181 பெண்கள் உதவி எண்ணைக் கொடுத்து, தேவைப்பட்டால் கூடவே போகிறோம்.

பயிற்சி முடித்த ஏழு பேரில் பெண்கள் இரண்டு பேர்தான். ஞாயிறு மாலையில் சமையல் வேலையை விட்டு வர முடியவில்லை என்று பலர் சொன்னார்கள். நேரம் வைத்தது எங்கள் பிழை. அடுத்த வகுப்பைச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, குழந்தைகளையும் அழைத்து வரும்படி வைக்கிறோம். சேர விரும்புபவர்கள் இன்றே கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்