கேன்சர் இல்லையாம், ஆனாலும்

அன்புள்ள சேகர்,

நீ அத்தனை தடவை போன் பண்ணியும் எடுக்கவில்லை, கோபமாகத்தான் இருப்பாய். இருபது நாள் தங்கச்சி குடும்பத்தோடு வேலூர் காந்தி ரோடு லாட்ஜில் கிடந்தேன், அதான், பெங்காலியில் போர்டு தொங்குமே அந்தத் தெருவில். எல்லாம் அவள் சின்ன பொண்ணுக்காக.

அவளுக்கு ஒன்பது வயசு. சித்திரையில் இடது கன்னம் மூக்கை ஒட்டி லேசாக உப்பியது. வலியே இல்லை, அதுதான் ஏமாற்றியது. பொன்னுக்கு வீங்கி என்று அம்மா தன் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். அது காதுக்குக் கீழே அல்லவா வரும், யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் உள்ளூர் பல் டாக்டர் ஒருத்தர் சீழ் என்று மாத்திரை கொடுத்து, ஆடிய பல்லையும் பிடுங்கிவிட்டார். எக்ஸ்ரே எடுக்கவில்லை, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. பிறகு போன வருஷத்து ஸ்கூல் குரூப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதிலேயே கன்னம் ஒரு பக்கம் மேடாக இருக்கிறது.

வேலூரில் சிடி ஸ்கேன் எடுத்து, சதையும் எடுத்து டெஸ்ட் பண்ணினார்கள். ஜுவனைல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்று பெயர், சின்ன வயசில் எலும்பில் வளரும் ஒரு கட்டி. அபூர்வமாம், இதில் ஒரு வகை எட்டிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள்தான் அதிகம், அதுவும் மேல்தாடையில். 'கேன்சர் இல்லை' என்றதும் தங்கச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த பேச்சே, மேல்தாடையில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கணும் என்பது. கேன்சர் இல்லாததற்கு எதற்கு எலும்பை வெட்டணும் என்று மச்சான் எகிறினார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இது உடம்பில் வேறெங்கும் பரவாது, ஆனால் இருக்கிற இடத்தில் வேகமாக வளர்ந்து எலும்பை அரித்து, பல்லைத் தள்ளி, கண்ணுக்குக் கீழ் வரைக்கும் ஏறும். சரியாக எடுக்காமல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் திரும்ப வரும், நூற்றுக்கு 30 முதல் 58 பேருக்குத் திரும்ப வந்ததாகப் புத்தகத்திலேயே இருக்கிறதாம். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கவும் கூடாது, வைத்தால் வளர்கிற முகம் குன்றிவிடும், பின்னால் இந்தக் கட்டியே கேன்சராகவும் மாறலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியோடு முளைக்காத பல் இரண்டும் போயிற்று. அண்ணத்தில் ஓட்டை, அதை மூட பல்செட் மாதிரி ஒரு தட்டு. ஒருநாள் அதைப் போடாமல் ராகிக் கஞ்சி குடித்தாள், பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. நாங்கள் பதறினால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். முகம் வளர வளர தட்டை மாற்றணும், ஸ்க்ரூ வைத்துப் பல் கட்டுவதெல்லாம் பதினெட்டு வயசு தாண்டித்தான், தாடை வளரும், ஸ்க்ரூ நகராதே.

அடுத்த ஸ்கேன் தை மாதம். மச்சானுக்கு லீவு கிடைக்காது, நீ முடிந்தால் வாடா. காட்பாடியில் இறங்கி போன் பண்ணு, இந்தத் தடவை எடுத்துவிடுவேன்.

உன்,
பாலு