வலையைத் திரும்பக் கட்டுங்கள், பெரியவர்களே

நம்ம கோவில் சங்கப் பெரியவர்களுக்கும், இந்த வருஷம் எச்எஸ்சி என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கும் வணக்கம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிற வாத்தியார் எழுதுகிறேன்.

போன வாரம் கோவிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வாலிபால் வலையைச் சுருட்டி, நைலான் கயிற்றால் கட்டி, பந்தோடு சேர்த்து அறையில் போட்டுப் பூட்டியாகிவிட்டது. நவம்பரில் பரீட்சை முடிகிறவரை விளையாட்டு கிடையாதாம். ஏன் என்று கேட்டால், "படிக்கிற பிள்ளைக்குப் பந்து எதுக்கு வாத்தியாரே, படிச்சதெல்லாம் மறந்துபோகும்" என்கிறார் ஒருவர். தைப்பூசத்துக்குக் காவடியோடு கோர் தெ கார்த் மலைக்கோவில் படி ஏறச் சொல்கிற நம்ம மொரீஷியஸில் இப்படி ஒரு பேச்சு.

2007இல் ஜெர்மனியில் 27 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மூன்று நிமிடம் வேகமாக ஓட்டம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம் ஓட்டம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு புதுச் சொற்களைப் படிக்கச் சொன்னால், சும்மா உட்கார்ந்திருந்தபோது படித்ததைவிடவும், 40 நிமிடம் மெதுவாக ஓடிவிட்டுப் படித்ததைவிடவும் 20 சதவீதம் வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் கிரியோல் மொழி பேசி வளர்கிற நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் பாதிக்குமேல் புதுச் சொல்தான், அதனால் இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இன்னொன்று, 2018இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள் சேர்ந்து செய்தது. சைக்கிளில் வெறும் 10 நிமிடம், வியர்க்காத அளவுக்கு லேசாக மிதிக்கவிட்டார்கள். 36 இளைஞர்கள். ஒன்றுபோலவே இருக்கிற படங்களில் எது முன்பே பார்த்தது, எது புதுசு என்று பிரித்துச் சொல்வது அதற்குப் பிறகு மேம்பட்டது. வலி, வழி, வளி என்று மூன்றையும் போட்டுக் குழப்புகிற பிள்ளைகளோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவன் நான். இது அதே வேலை என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் ஆசை வருகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது 2016இல் நெதர்லாந்தில் நடந்தது. 72 பேருக்குப் படங்கள் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று மனப்பாடம் செய்யவைத்தார்கள். ஒரு கூட்டம் உடனே 35 நிமிடம் உடற்பயிற்சி செய்தது, ஒரு கூட்டம் நான்கு மணி நேரம் கழித்துச் செய்தது, மூன்றாவது கூட்டம் செய்யவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டால், நான்கு மணி நேரம் கழித்துச் செய்தவர்களுக்கே அதிகம் ஞாபகம் இருந்தது. உடனே செய்தவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. நம் வகுப்பு பகல் 12 மணிக்கு முடிகிறது, பிள்ளைகள் பந்து எடுப்பது 4 மணிக்கு. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, சரியாக அமைந்திருந்தது, அதைத்தான் பூட்டிவிட்டீர்கள்.

ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் நரம்பு இணைப்புகள் பலப்பட உதவுகிற ஒரு புரதம், உடம்பு அசையும்போது கூடுகிறது என்கிறார்கள். 2011இல் அமெரிக்காவில் வயதானவர்கள் 120 பேரில் பாதிப் பேரை ஒரு வருஷம் நடக்கவைத்தபோது அந்தப் பகுதியே 2 சதவீதம் பெரிதானது. அது உங்கள் வயதுக்காரர்கள், பெரியவர்களே, நீங்களும் மாலையில் வரலாம்.

பந்து ஆடினாலே பாஸ் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இவையெல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சிகள், படிக்காதவனுக்கு எதுவும் உதவாது. ஆனால் பள்ளி விட்டதும் ஒரு டியூஷன், அது விட்டதும் ரோஸ்ஹில்லுக்குப் பஸ் பிடித்து இன்னொரு டியூஷன் என்று ஆறு மணிவரை நாற்காலியிலேயே கிடக்கிற பிள்ளையிடம் இருக்கிற ஒரு மணி நேரத்தையும் பிடுங்கி என்ன கண்டோம்? அப்புறம் அந்த ஒரு மணி நேரத்தில் அவன் படிக்கிறானா? போனைத்தான் நோண்டுகிறான், உங்களுக்கும் தெரியும்.

இந்தச் சனிக்கிழமை 4 மணிக்கு வருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், வலையை நானே கட்டிக்கொள்கிறேன்.