குறையே இல்லன்னு யாருக்கிட்ட கேட்டீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன கிழமை இலங்கையிட முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைப் பத்தி நீங்க போட்ட கட்டுரையில "எங்கட பெண்கள் இந்தச் சட்டத்துல ஒரு குறையும் சொன்னதில்ல"ன்னு ஒரு வரி. வாசிச்சதுல இருந்து மனசு ஆறல்ல. வாப்பா காலத்துல இருந்து எங்கட வீட்டுக்கு வாற பத்திரிகை, அதான் இவ்வளவு கவலை.

என்ட கூடப்பிறந்த ராத்தா தாபரிப்புக் காசு கேட்டு, முஸ்லிம்கள்ட கலியாண வழக்குகளைப் பாக்கிற காதி கோட்டுக்கு நடையா நடந்தா. மாப்பிள வரல்லன்னா தவணை, வந்தாலும் தவணை. லோயரைக் கூட்டிப் போக ஏலாது, சட்டமே விடாது. பஸஹ், அதாவது பொஞ்சாதி காரணம் காட்டிக் கேக்கிற விவாகரத்து, கேட்டப்ப காதியும் ஆம்பிள, ஜூரிமாரும் ஆம்பிள, அவங்க முன்னால வீட்டுக்குள்ள நடந்ததெல்லாம் வாயால சொல்லு, சாட்சி கொண்டு வான்னு சொன்னாங்க, அறைக்குள்ள அடி வாங்கினவ சாட்சிக்கு எங்க போவா? மாப்பிள தலாக் சொல்ல நினைச்சிருந்தா ஒரு காரணமும் காட்டத் தேவையில்ல.

என்ட நிக்காஹ் பதிவுல வாப்பா கையெழுத்து இருக்கு, மாப்பிளட கையெழுத்து இருக்கு, என்ட கையெழுத்து இல்ல. விருப்பப்பட்டுத்தான் முடிச்சன், ஆனாலும் அது இன்னும் நோகுது.

1951ம் ஆண்டுச் சட்டம் இது. காதி அனுமதி குடுத்தா 12 வயசு ஆகாத பிள்ளையையும் கட்டி வைக்கலாம்னு 23ம் பிரிவு சொல்லுது, நாட்டுல மத்த ஆக்களுக்கு 1995லயே 18ன்னு ஆக்கிட்டாங்க. முஸ்லிம் பொம்புள லோ படிச்சு நீதவானா வரலாம், காதியா வர ஏலாது. மலேசியாவுல 2010லயே ஷரீஆ கோட்டுக்குப் பெண் நீதிபதிகளைப் போட்டாங்க, அவங்களும் நம்மளப் போல ஷாஃபி மத்ஹப், ஒரே மார்க்கச் சட்டப் பிரிவுதானே.

உங்களுக்குத் தெரியாததில்ல, அரசியலமைப்புல 12ம் உறுப்புரை ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்குது, 16(1) பழைய சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணா இருந்தாலும் செல்லும்ங்குது. அப்ப உயர் நீதிமன்றத்துக்குப் போய் நாங்க எதைக் கேக்கிற? 2009ல இந்தச் சட்டத்தைத் திருத்துறதுக்கு நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில குழு போட்டாங்க, அறிக்கை குடுக்க 2018 ஆகிட்டு, அதுலயும் ரெண்டா பிரிஞ்சு நின்டாங்க. 2021ல பொதுபல சேனா அமைப்பிட பௌத்த பிக்கு ஞானசார தேரரைத் தலைவராக்கி "ஒரே நாடு ஒரே சட்டம்"னு செயலணி போட்டப்ப முதல் பட்டியல்ல ஒரு பொம்புள கூட இல்ல. வெளியால உள்ளவங்க எங்கட கண்ணீரைக் காட்டி சமூகத்தையே அடிக்கப் பாக்கிறாங்க, அதுக்குப் பயந்து நாங்க பேசாம இருந்தா நீங்க குறையே இல்லன்னு எழுதுறீங்க. அஞ்சு நேரம் தொழுகிறவதான் நான். மார்க்கத்தைத் தொடச் சொல்லல்ல, ஆம்பிளைகள் உக்காந்து எழுதின சட்டத்தைத் திருத்தச் சொல்றன், ரெண்டும் ஒண்டில்ல.

அடுத்த கிழமை அதே பக்கத்துல 16(1)ஐயும் 23ம் பிரிவையும் முழுசாத் தமிழ்ல போடுங்க, பொம்புளைகளும் வாசிக்கட்டும். என்ட பேரைப் போடாதீங்க, ராத்தாட வழக்கு இன்னும் முடியல்ல.

ஒரு வாசகி,
கிழக்கு மாகாணம்