கயலுக்கு, துறை தாண்டிப் போவது பற்றி

அன்புள்ள கயல்,

உன் மெயிலைப் படித்தேன். கணிதத்தில் இத்தனை வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, மிச்சத்தை நில அதிர்வு ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். போனால் கணிதக்காரர்களும் உன்னைத் தங்கள் ஆளாக நினைக்க மாட்டார்கள், நில அதிர்வுக்காரர்களும் நினைக்க மாட்டார்கள் என்று உன் கைடு சொன்னதாக எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்றார். அவருக்கு உன் வேலையைப் பற்றிய பயம், அவ்வளவுதான்.

நீ போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எப்படிப் போக வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதைப் போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீ செய்யும் கணிதத்தில்தான் நம் வீட்டுச் சோறு வெந்தது. பல திசைகளிலிருந்து ஒரு பொருளுக்குள் கதிரைச் செலுத்தி, வெளியே வரும்போது அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அதுதான் சிடி ஸ்கேன். வேலையில் இருந்தவரை நான் கன்சோலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன், படம் வந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்த பிறகுதான் இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு ஆதங்கம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் இந்தக் கணக்கை 1917-இலேயே முழுதாகத் தீர்த்துவிட்டார். லைப்சிக் நகரத்து அறிவியல் அகாதெமியின் வெளியீட்டில் ஜெர்மன் மொழியில் அது வந்தது. 1936-இல் க்ராமர், வோல்ட் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் அதே விஷயத்தைப் புள்ளியியலில் நிறுவினார்கள். அதே 1936-இல் சோவியத் ஆர்மீனிய வானியலாளர் அம்பார்ட்சுமியான், நட்சத்திரங்களின் வேகத்தைப் பற்றிய கணக்குக்காக அதே சூத்திரத்தைத் தானாகக் கண்டுபிடித்தார். 1956-இல் ரேடியோ வானியலில் ப்ரேஸ்வெல், சூரியனைப் பட்டை பட்டையாக அளந்து முழுப்படமாக்க அதே பாதையில் போனார். 1963-இல் ஆலன் கார்மக் மருத்துவத்துக்காக மறுபடியும் தொடக்கத்திலிருந்து கண்டுபிடித்தார். ஒருவருக்கும் மற்றவர் செய்தது தெரியாது. ஒவ்வொருவரும் தன் துறை இதழில் எழுதினார், தன் துறைக்காரர்கள் படித்தார்கள், அங்கேயே முடிந்தது.

முதல் நோயாளியின் தலைக்குள் ஸ்கேன் படம் எடுத்தது 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில். ராடோன் கட்டுரைக்கும் அதற்கும் நடுவே 54 வருஷம். கணினி வராமல் எப்படி முடியும் என்று நீ கேட்பாய், நியாயம்தான். ஆனால் கணினி வந்த பிறகும் சூத்திரம் தானாக ஆஸ்பத்திரிக்கு நடந்து வரவில்லையே! தேடிப் பார்த்த கார்மக்கின் கைக்கும் அது எட்டவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே மண்டையைத் திறந்த காலம் அது.

இதில் கார்மக் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தேவையானது அதில்தான் இருக்கிறது. அவர் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். அங்கே க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் இருந்த இயற்பியலாளர் விலகிவிட்டார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும்போது தகுதியுள்ள ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் வேறு அணு இயற்பியலாளர் இல்லை. அதனால் 1956-இல் அரை வருஷம், வாரத்துக்கு ஒன்றரை நாள், இவரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்க அங்கே கணக்குப் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். எலும்பு, நுரையீரல், சதை எல்லாவற்றையும் ஒரே சீரான பொருள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இது தப்பாயிற்றே, உள்ளே எங்கே எவ்வளவு கதிர் உறிஞ்சப்படுகிறது என்று தெரிந்தால்தானே சரியான அளவு கொடுக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. எல்லாம் தொடங்கியது அங்கேதான்.

பிறகு ஓர் அலுமினியத் தட்டு, அதைச் சுற்றி மர வளையம், இதை வைத்துச் சோதித்தார். நடுவில் மட்டும் எண்கள் கொஞ்சம் பிசகின. விசாரித்தால், அதைச் செய்த பட்டறையில் தட்டின் மையத்தில் வேறு வகை அலுமினிய முளை ஒன்றை வைத்திருந்தார்கள். அவருக்கே தெரியாத முளையை அவருடைய கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1963-லும் 64-லும் கட்டுரைகள் வந்தன. கண்டுகொள்வார் இல்லை. கட்டுரைப் பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தது என்று அவரே நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். மலையில் படிந்த பனிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இது உதவுமா என்று யோசித்தவர்கள் அவர்கள். டாக்டர்கள் சும்மா இருந்தபோது பனிக்காரர்கள் எழுதினார்கள். தன் துறைக்கு வெளியே கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1979-இல் கார்மக்குக்கும், இங்கிலாந்தில் தனியாக உழைத்து இயந்திரத்தையே கட்டிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஹவுன்ஸ்ஃபீல்ட் பொறியாளர், மருத்துவத்துக்கு வெளியாள்.

நம்மூருக்கு வருகிறேன். ஜி. என். ராமச்சந்திரன் பெயர் உனக்குத் தெரியும். உன் மென்பொருளில், அளந்த எண்களைப் படமாக்கும் முன் கூர்மையாக்க, 'ராம்–லக்' என்று ஒரு கணக்கு வடிகட்டி இருக்கிறதல்லவா, அதில் ராம் அவர், லக் அவரோடு வேலை செய்த லட்சுமிநாராயணன். ராமச்சந்திரன் இயற்பியல்காரர், படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று ஆராயும் படிகவியலில் ஊறியவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். உடம்பின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று கேள்விப்பட்டு அதில் இறங்கினார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்றாலே கொலாஜன்தானே, மாதிரி அங்கிருந்து கிடைத்தது. மூன்று இழை முறுக்கிய அமைப்பை 1954-இல் அவரும் கோபிநாத் கார்த்தாவும் முன்வைத்தார்கள். அப்படி உயிரியல்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்தவருக்கு, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் தட்டைப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை எப்படி எடுப்பது என்ற அவர்களுடைய கஷ்டம் தெரியவந்தது. படிகவியலாளருக்கு ஃபூரியர் கணக்கு, அதாவது எதையும் அலைகளின் கூட்டாகப் பிரித்துப் பார்ப்பது, கைப்பழக்கம். மற்றவர்கள் ஃபூரியர் உலகத்துக்குப் போய், அங்கே எண் இல்லாத இடைவெளிகளை நிரவி, திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பயணமே வேண்டாம், இருந்த இடத்திலேயே சுருள்பெருக்கம் செய்து, அதாவது ஒவ்வோர் அளவையும் பக்கத்து அளவுகளோடு எடைபோட்டுக் கூட்டி, முடிக்கலாம் என்று ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் 1971-இல் காட்டினார்கள். அந்தக் காலக் கணினிக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் இயந்திரம் வேறு வழியில் கணக்குப் போட்டது. பின்னால் வந்த இயந்திரங்கள் இந்த வழிக்கு மாறின.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு துறையின் அறிவு இன்னொரு துறைக்குப் போவது ஆள் மூலமாகத்தான். கட்டுரை அச்சில் இருப்பதால் மட்டும் அது போய்ச் சேர்வதில்லை. சிகாகோவில் டான் ஸ்வான்சன் என்பவர் 1986-இல் இதைத் தெளிவாகவே காட்டினார். மீன் எண்ணெய் ரத்தத்தை என்ன செய்யும் என்று ஒரு குவியல் கட்டுரைகள் இருந்தன. குளிரில் விரல் நுனிக்கு ரத்தம் போகாத ரேனோ நோயில் ரத்தம் எப்படி இருக்கும் என்று இன்னொரு குவியல் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மீன் எண்ணெய் அந்த நோய்க்கு உதவக்கூடும் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். ஆனால் சேர்த்துப் படித்தவர் இல்லை. இரண்டும் அச்சாகி நூலகத்தில்தான் இருந்தன.

1994-இல் ஒரு நீரிழிவு ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைச் சரிவகங்களாக வெட்டிக் கூட்டும் முறையைப் புதிய முறை என்று அதில் எழுதியிருந்தார்கள். நம் பிள்ளைகள் நுண்கணிதத்தோடு படிப்பது! கணிதக்காரர்கள் நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதிரி ஆய்வுக்கூடங்களுக்குப் பக்கத்தில் கணிதக்காரர்கள் போய் உட்காராதது யாருடைய குற்றம்?

அதனால் போ. ஆனால் உன் சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு வரப் போகிறவளாகப் போகாதே. எந்தச் சூத்திரமும் தனியாக வராது, தன் அனுமானங்களையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வரும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, திரையில் பார்த்தேன். ராடோனின் கணக்கில் சத்தம், அதாவது அளவில் கலக்கும் பிசிறு, கிடையாது, கதிர் போகும் கோடுகள் எண்ணற்றவை, நோயாளி மூச்சு விடுவதில்லை. எங்கள் மேசையில் படுப்பவர் மூச்சு விடுவார், இருமுவார், குழந்தையாக இருந்தால் அழும். ராம்–லக் வடிகட்டியை அப்படியே போட்டால் விளிம்பு கூர்மையாக வரும், கூடவே புள்ளி புள்ளியாகச் சத்தமும் ஏறும். அதனால் எலும்புக்கு ஒரு கர்னல் (வடிகட்டியின் வகை), மூளைக்கு மென்மையான வேறொரு கர்னல் என்று மாற்றுவோம். கணக்கு ஒரே ஆற்றலுள்ள கதிரை எதிர்பார்க்கிறது. எக்ஸ்ரே குழாயிலிருந்து வருவது பல ஆற்றல் கலந்த கதிர். எலும்பைத் தாண்டும்போது மெலிந்தவை உறிஞ்சப்பட்டு வலியவை மட்டும் மிஞ்சும். அதனால் இரண்டு காதெலும்புகளுக்கும் நடுவே, மூளைத்தண்டின் மேல், கறுப்பாக ஒரு பட்டை விழும். அங்கே நோய் ஒன்றும் இருக்காது. பழகாத கண் அதைப் பக்கவாதம் என்று படிக்கும். புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பட்டையைத்தான்.

உன் புதுத் துறையும் 'டோமோகிராஃபி' என்ற பெயரை எங்களிடமிருந்து வாங்கியதுதான். 1970-களின் நடுவில் நில அதிர்வியலாளர்கள் அகியும் ஸெவோன்ஸ்கியும் பூமிக்குள் ஸ்கேன் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் எங்கள் கதிர் நேராகப் போகும், உங்கள் அலை வளையும். எவ்வளவு வளையும் என்பது எதைத் தேடுகிறாயோ அதையே பொறுத்தது. நாங்கள் நோயாளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் போவோம். உங்களுக்கு நிலநடுக்கம் பெரும்பாலும் தட்டுகளின் விளிம்பில்தான் வரும், அளக்கும் கருவிகளோ பெரும்பாலும் நிலத்தில் இருக்கின்றன, பூமியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கடல். கதிர் அதிகம் போகாத இடத்தில் படம் இழுபட்டுத் தெரியும் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அந்த இழுபட்ட கறையைப் பாறை என்று யாராவது படித்திருப்பார்கள். எங்கள் கறுப்புப் பட்டை மாதிரி உங்களுக்கும் ஏதோ ஒன்று இருக்கும். அது எது என்று அவர்களில் மூத்தவர் யாருக்காவது தெரியும். அவரைக் கண்டுபிடித்து அவர் பக்கத்தில் உட்கார். பதிவில் அலை வந்து சேர்ந்த நொடியைக் கண்ணால் பார்த்துக் குறிக்கும் வேலையைக் கொடுத்தால், இது பட்டப்படிப்புப் பிள்ளைகளின் வேலை என்று நினைக்காமல் செய். கார்மக் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒன்றரை நாள் உட்கார்ந்ததுதான் அவருக்கு அந்தக் கேள்வியையே கொடுத்தது.

கணிதத்தையும் விட்டுவிடாதே. உன் கைடு சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ராமச்சந்திரனால் போக முடிந்தது, ஃபூரியரில் அவருக்கு இருந்த ஆழத்தால். உன் துறையின் வாராந்தரக் கருத்தரங்கில் உன் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. உன் கைடு, அந்தக் குழுவில் ஒருவர், இரண்டு பேரையும் வழிகாட்டிகளாக எழுத்தில் பதிவு செய்துகொள். ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருப்பார்களா என்று இப்போதே கேட்டுவிடு. வாய்ப்பேச்சு போதாது.

அடுத்த வாரம் நில அதிர்வுக் குழுவோடு பேசும்போது இன்னொன்றும் கேள். தரவு போதாமல் தீராமல் கிடக்கும் கேள்விகள் எவை, கணக்கு தெரியாமல் கிடப்பவை எவை? பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் என்றால் தைரியமாகச் சேரலாம். எல்லாவற்றையும் நீ வந்து தீர்த்துவிடுவாய் என்று சொல்கிறவர்களாக இருந்தால் கொஞ்சம் யோசி.

உதவித்தொகை மாறும்போது நடுவில் சில மாதம் பணம் வராமல் போகலாம் என்று எழுதியிருந்தாய். என் பென்ஷனில் அதற்கு இடம் இருக்கிறது, அதை நினைத்து முடிவை மாற்றாதே. எவ்வளவு வேண்டும் என்று கூச்சப்படாமல் எழுது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா